யுன் டோங்-ஜுவின் வெட்கம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொல்லித்தான் கொரியக் கவிஞர் யுன் டோங்-ஜுவை வாசித்தேன். நட்சத்திரம், காற்று, கிணறு என்று மென்மையாகவே எழுதுகிறார். ஜப்பானிய ஆட்சியை எதிர்த்து ஒரு கோஷம்கூட இல்லை. சிறையில் இளவயதில் இறந்ததால்தான் கொண்டாடுகிறார்களோ?

க.

அன்புள்ள க.,

அந்தச் சாவு யாரையும் உலுக்கும். 1945 பிப்ரவரி 16, ஜப்பானின் ஃபுகுவோகா சிறை, வயது 27. கொரியா விடுதலையாக ஆறே மாதம்தான் இருந்தது. அவர் பெயர் பரவியதில் அதற்கும் பங்குண்டு, சரி. ஆனால் நான் அவரிடம் திரும்பத் திரும்பப் போவது அதற்காக இல்லை.

முதலில், அவர் எழுதிய மொழியைப் பாருங்கள். கொரிய மொழியைப் பள்ளிகளிலிருந்து ஓரங்கட்டி, 1940இல் பெரிய கொரிய நாளிதழ்களையும் மூடிவிட்ட காலம் அது. 1941 கடைசியில் கல்லூரி முடிக்கும்போது 19 கவிதைகளைத் தொகுத்தார். இப்போது அச்சிட்டால் ஆபத்து என்று பேராசிரியர் தடுத்துவிட்டார். சரியென்று கையாலேயே மூன்று படி எழுதினார். ஒன்று பேராசிரியருக்கு, ஒன்று நண்பர் ஜியோங் பியோங்-உக்குக்கு, ஒன்று தனக்கு. நண்பரைப் போருக்கு இழுத்துப் போனபோது அவர் தன் படியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அம்மா அதை வீட்டுத் தரைக்கடியில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். 1948இல் வந்த புத்தகத்துக்கு அந்தப் படிதான் ஆதாரம்.

அப்புறம், அந்த வெட்கம். ஜப்பானுக்குப் படிக்கப்போக ஜப்பானியப் பெயர் வேண்டியிருந்தது. ஹிரானுமா என்று மாற்றிக்கொள்ள மனு கொடுப்பதற்கு ஐந்து நாள் முன்பு, 1942 ஜனவரி 24 அன்று, ‘பாவமன்னிப்பு’க் கவிதையை எழுதினார். பச்சைக் களிம்பேறிய செம்புக் கண்ணாடியில் தன் முகம் தெரிகிறது. அதை இரவு தோறும் உள்ளங்கையாலும் உள்ளங்காலாலும் தேய்க்கப் பார்க்கிறார். காலாலும்! அந்த ஒரு சொல்லில் எவ்வளவு தவிப்பு. ஆட்சியாளர்களைத் திட்டுவதைவிட இது கடினமான வேலை என்றே எனக்குப் படுகிறது.

அதே ஆண்டு ஜூன் 3, டோக்கியோ. ‘எளிதாக எழுதப்பட்ட கவிதை’யை ஒருமுறை மெதுவாக வாசித்துப் பாருங்கள். வெளியே மழை. ஆறு பாய் விரித்த அறை, அந்நிய நாடு. வியர்வையும் அன்பும் மணக்க வீட்டிலிருந்து வந்த படிப்புப் பணத்தை வாங்கிக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தோடு வயதான பேராசிரியரின் வகுப்புக்குப் போகிறார். வாழ்வது கஷ்டம் என்கிறார்கள், கவிதை இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று கூசுகிறார். கடைசியில் தனக்குத்தானே சின்னதாகக் கை நீட்டுகிறார், கண்ணீரோடு, முதல் கைகுலுக்கலாக.