வடக்கே எழும்பும் மாடி டிஷ்ஷை மறைக்குமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வீட்டுக்கு வடக்கே பத்து மீற்றர் தள்ளி அடுக்குமாடி ஒன்று எழும்புகிறது. மொட்டைமாடியில் உள்ள டிவி டிஷ்ஷுக்கு சிக்னல் நின்றுவிடுமா? நேரே தலைக்கு மேலே நிற்கும் செய்மதி ஒன்றுக்குத் திருப்பிவிடலாமா? உயர்தரம் படிக்கும் மகள், கொழும்புக்கு நேர் மேலே செய்மதி நிற்கவே முடியாது என்கிறாள்."

மகள் சொல்வது சரி. வடக்கு மாடியாலும் உங்களுக்குத் தொல்லை இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

செய்மதி அங்கே தொங்கிக்கொண்டு நிற்கவில்லை, விழுந்துகொண்டே இருக்கிறது. டிவி செய்மதிகள் இருக்கும் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஈர்ப்பே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. புவி மையத்திலிருந்து தூரம் 6.6 மடங்காவதால் ஈர்ப்பு தரையில் உள்ளதில் 44இல் ஒரு பங்காகக் குறைகிறது, அவ்வளவுதான். அந்த ஈர்ப்பில் ஒரு பொருள் முதல் செக்கனில் 11 சென்ரிமீற்றர் விழும். அதே செக்கனில் செய்மதி பக்கவாட்டாக 3 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாக ஓடிவிடுகிறது. அவ்வளவு பெரிய வட்டத்தில் அந்தத் தூரம் போனால், வட்டம் வளைந்து இறங்குவதும் அதே 11 சென்ரிமீற்றர்தான்! அதனால் விழுந்தும் புவியை நெருங்குவதில்லை. எத்தனை முறை போட்டாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது. மகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம். புவி தன்னைத்தானே சுற்றும் நேரமும் அதுவே என்பதால் செய்மதி அசையாதது போலத் தெரிகிறது. 1945இல் இந்தப் பாதையைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், பிற்காலத்தில் கொழும்பிலேயே வாழ்ந்து 2008இல் இங்கேயே காலமானார்.

சரி, அதைக் கொழும்புக்கு மேலே நிறுத்தினால் என்ன? ஈர்ப்பு இழுப்பது புவி மையத்தை நோக்கி. எனவே பாதையின் நடுவும் அந்த மையமாகவே இருக்கவேண்டும். கொழும்பு இருப்பது 6.9 பாகை வடக்கில். அந்த அகலக்கோட்டின் மேலேயே சுற்றும் வட்டத்துக்கு நடு, மையத்தைவிட்டு வடக்கே விலகிவிடும். அந்த இடத்தை நோக்கி இழுக்க எதுவும் இல்லை. மிஞ்சுவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே உள்ள பாதை மட்டுமே. அது நமக்குத் தெற்கே. ஆகவே எந்த நிறுவனத்தின் டிவி இணைப்பானாலும் டிஷ் வடக்கே பார்ப்பதில்லை.

கிழக்கு, தெற்கு, மேற்குப் பக்கம் கட்டடம் வந்தால்தான் யோசிக்கவேண்டும். உதாரணமாக, கிழக்கு நெடுங்கோடு 95 பாகையில் உள்ள செய்மதி இங்கிருந்து கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே, அடிவானத்திலிருந்து சுமார் 70 பாகை உயரத்தில் இருக்கும். அந்தத் திசையில் பத்து மீற்றர் தள்ளி நிற்கும் கட்டடம், டிஷ்ஷைவிட 27 மீற்றர், அதாவது ஒன்பது மாடியளவு உயர்ந்தால்தான் மறைக்கும். டிஷ் முகத்தை வைத்துக் கணிக்காதீர்கள். எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் நீளும் கையில் உள்ள, சிக்னலை வாங்கும் கருவி) கீழே ஒதுங்கிய வீட்டு டிஷ்களில், முகம் பார்ப்பதைவிட 20, 25 பாகை மேலிருந்தே சிக்னல் வருகிறது.

நேரில் பார்க்க ஒரு வழி உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் சூரியன் செய்மதிக்குப் பின்னால் கடந்துபோகும். 95 பாகைச் செய்மதிக்கு அது காலை பதினொரு மணியளவில். அப்போது டிஷ்ஷில் வெயில் விழுந்தால் வழி திறந்திருக்கிறது, நிழல் விழுந்தால் மறைப்பு இருக்கிறது. அந்தச் சில நிமிடங்கள் படம் உடைவது சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலை இரைச்சலால், பழுது என்று யாரையும் கூப்பிடவேண்டாம். உங்கள் செய்மதி எந்த நெடுங்கோட்டில் இருக்கிறது என்று இணைப்புப் போட்டவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கேற்ப நேரம் மாறும்.