கொமன் ஜெனரல் பழக்கம் கம்பஸில் உதவாது

கேள்வி: உயிரியல் விஞ்ஞானம் முதலாம் வருடம் படிக்கிறேன். தாவரவியல், விலங்கியல், இரசாயனவியலோடு ஆங்கிலம், புள்ளிவிபரவியல், சிங்களம் மூன்றும் கட்டாயம். “முதல்நாள் இரவு பார்த்தாலே காணும்” என்கிறார்கள் சீனியர்மார். இங்கிலாந்தில் இப்படியெல்லாம் இல்லை என்கிறார் அப்பா. இவற்றுக்கு நேரம் ஒதுக்கத்தான் வேண்டுமா?
– வாசகி, களுதாவளை

பதில்: தங்கச்சி, இங்கிலாந்தைப் பற்றி அப்பா சொன்னது பெரும்பாலும் சரி. அங்கே சேர்ந்த நாளிலிருந்தே எடுத்த துறைதான். அமெரிக்காவில் நேர்மாறு: நாலு வருடப் பட்டத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு, எடுத்த துறைக்கு வெளியிலுள்ள பொதுப் பாடம். உங்களுக்குத் தந்திருப்பது அதில் கொஞ்சம்தான்.

உயர்தரத்தில் கொமன் ஜெனரல் என்ற பொதுப் பரீட்சைக்கு 30 புள்ளி போதும், கம்பஸ் அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் ஸ்கோரில் அது சேராது. அந்தப் பழக்கம்தான் பிள்ளைகளோடு கம்பஸுக்கும் வந்துவிடுகிறது. இங்கே கணக்கு வேறு. உங்கள் பீடத்தின் மாணவர் கைநூலை எடுத்து, இந்த மூன்றும் ஜீபிஏயில் (பட்டத்தின் சராசரிப் புள்ளியில்) சேருமா என்று முதலில் பாருங்கள்.

சேருமென்றால்: ஆங்கிலம் 2 கிரெடிட் (பாடத்தின் அளவைக் காட்டும் அலகு) என்று வையுங்கள். பி தரத்துக்கு 3.0, எடுத்தால் 2 × 3.0 = 6. டி தரத்துக்கு 1.0, எடுத்தால் வெறும் 2. இழந்த நாலைப் பட்டத்தின் 90 கிரெடிட்டால் பிரித்தால் 0.04. சின்னத் தொகைதான். ஆனால் 3.27இல் நிற்கும் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்பு மேற்பிரிவின் 3.30 எட்டாமல் போவது இந்த இடத்தில்தான். ரிப்பீட் எழுதிப் பிடிக்கலாம் என்றும் இருக்கமுடியாது. திரும்ப எழுதுகிறவருக்கு, எவ்வளவு நன்றாகச் செய்தாலும், பொதுவாக ‘சி’ தரத்துக்கு மேல் கொடுப்பதில்லை.

சேராதென்றால் ஆபத்து வேறு மாதிரி. பாஸ் இல்லாமல் பட்டம் இல்லை. கடைசி வருடத்தில் ஒரு பாடம் நிலுவையில் நின்றால் பட்டத் திகதி பின்னுக்குப் போகும், வகுப்புச் சித்தியும் கைநழுவக்கூடும்.

லெக்சருக்கு வரும் வரவையும் கவனியுங்கள். 2 கிரெடிட் என்றால் சுமார் 30 மணித்தியால லெக்சர். 80 வீத வரவு கேட்டால் நீங்கள் விடக்கூடியது 6 மணித்தியாலம், அதாவது இரண்டு மணி லெக்சர் மூன்று. நாலாவதை விட்டால் பரீட்சைக்கே இருக்கமுடியாது. பொதுப் பாடத்தில் மாட்டுப்படுகிறவர்களில் பலர் மாட்டுப்படுவது இதிலும், செய்யாமல் விட்ட தொடர் மதிப்பீட்டிலும்தான். முதல்நாள் இரவு படிப்பு இரண்டையும் திருப்பித் தராது.

இனிப் புள்ளிவிபரவியல். மூன்றிலும் உங்களுக்கு மிக அவசியமானது இதுதான் என்பது எங்கள் உறுதியான எண்ணம். பின்னாளில் ஆராய்ச்சிக்காகப் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் வாவியோர வயலொன்றில் நாலு நெல்லினங்களை ஒப்பிடுகிறீர்கள் என்று வைப்போம். இனத்துக்கு ஒரு பாத்தியாக, கரையிலிருந்து மேட்டுப்பக்கம் வரிசையாக நாலு பாத்தி போட்டால் வேலை சுலபம். ஆனால் வாவியை அண்டிய பாத்தியில் உப்பு கூட. அங்கே விளைச்சல் குறைந்தால் அது இனத்தின் குறையா, உப்பின் வேலையா? நாலு மாதம் வெயிலில் நின்று எடுத்த தரவை எந்தக் கணினி மென்பொருளில் போட்டாலும் விடை வராது.

செய்யவேண்டியது இது: வயலைக் கரைக்குச் சமாந்தரமாக நாலு பட்டியாகப் பிரியுங்கள். ஒரு பட்டிக்குள் உப்பு ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். ஒவ்வொரு பட்டியிலும் நாலு பாத்தி, நாலு இனமும் ஒவ்வொரு தடவை. எந்த இனம் எந்தப் பாத்தியில் என்பதைப் பட்டிக்குப் பட்டி புதிதாகச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். மொத்தம் 16 பாத்தி. இப்போது உப்பால் வந்த வித்தியாசத்தைத் தனியாகக் கழித்துவிடலாம். ஒரே இனம் இடத்துக்கிடம் எவ்வளவு தளம்புகிறது என்பதும் தெரியும். அது தெரிந்தால்தான் இனங்களுக்கிடையில் கண்ட வித்தியாசம் உண்மையா, தற்செயலா என்று சொல்லமுடியும். இதை விதைக்க முன்பே யோசிக்கவேண்டும், அறுவடைக்குப் பிறகு திருத்த வழியில்லை. பலர் தரவு எடுத்து முடித்த பிறகுதான் புள்ளிவிபரவியல் கொப்பியைத் தேடுகிறார்கள்.

ஆங்கிலத்துக்குத் தனியாக நேரம் தேடவேண்டாம். உங்கள் தாவரவியல் செய்முறை அறிக்கையில் ஒரு பந்தியை ஆங்கில விரிவுரையாளரிடம் காட்டித் திருத்தம் கேளுங்கள். ஒரு உழைப்பு, இரண்டு பாடத்துக்குப் பயன்.

சிங்களத்துக்கு நாளுக்கு 20 நிமிடம் காணும். அரச வேலைக்குப் போனால் இரண்டாம் மொழித் தேர்ச்சி கேட்பார்கள். அதற்கு முன்பே, அம்பாறைப் பக்கம் வயல் பார்க்கப் போனால் எந்த விதைநெல், எப்போது உரம் போட்டீர்கள் என்று சிங்களம் பேசும் விவசாயியிடம் நீங்களே கேட்கவேண்டி வரும். அந்தக் கேள்விகளை முதலில் எழுதிப் பழகுங்கள்.

நெரிசலான மண்டபத்தில் சிலைட்டை வாசித்துவிட்டுப் போகும் லெக்சரும் உண்டு, மறுக்கவில்லை. அப்படியானால் கடந்த ஐந்து வருட வினாத்தாள்களை நூலகத்தில் எடுத்து, நாலு பேராகச் சேர்ந்து கிழமைக்கு ஒரு வினா செய்யுங்கள். புள்ளிவிபரவியலில் தொடங்குங்கள்.