டயல்-அப்பில் ஐபி முகவரி: நெட்வொர்க் வேலைக்குத் தயாராகும் மாணவருக்கு

தொலைபேசி வழி இணைய இணைப்பான டயல்-அப்பை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லையே, அதில் ரவுட்டர் ஐபி முகவரி கொடுக்கும் விதத்தை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனமே 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு டயல்-அப் சேவையை நிறுத்திவிட்டது. ஆனால் அந்த இணைப்பில் ஓடிய பிபிபி (இரு முனைகளுக்கு இடையே தரவைக் கொண்டுசெல்லும்) நெறிமுறை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. பிராட்பேண்டின் பிபிபிஓஇ, விபிஎன்னின் எல்2டிபி இரண்டும் அதைத்தான் சுமக்கின்றன. இணையச் சேவை நிறுவனத்தில் வேலை தேடுபவருக்கு இது அன்றாடப் பாடம். மோடம் கட்டளைகளை மனப்பாடம் செய்வதை மட்டும் தாராளமாக விட்டுவிடுங்கள்.

நேர்காணலில் பலர் சறுக்குவது முதல் பதிலிலேயே: "டிஎச்சிபி கொடுக்கும்" என்பார்கள். வீட்டு, அலுவலக வலைகளில் தானாக முகவரி கொடுக்கும் முறை அது. பிபிபியில் ஐபிவி4 முகவரி கொடுப்பது ஐபிசிபி என்ற உட்பிரிவு. அழைப்பு இணைந்ததும் முதலில் எல்சிபி என்ற இன்னொரு உட்பிரிவு இணைப்பின் விதிகளைப் பேசி முடிக்கும். அடுத்து பாப் அல்லது சாப் முறையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படும். அதன் பிறகுதான் ஐபிசிபி. வாடிக்கையாளரின் கணினி "என் முகவரி 0.0.0.0" என்று கோரிக்கை அனுப்பும், தன்னிடம் முகவரி இல்லை, நீயே கொடு என்பது அதன் பொருள். ரவுட்டர் அதை ஏற்காமல் 'நாக்' என்ற மறுப்பை அனுப்பும், அதற்குள்ளேயே கொடுக்க விரும்பும் முகவரியை வைத்து. கணினி அந்த முகவரியைப் போட்டு மறுபடி கேட்கும். ரவுட்டர் 'ஆக்' என்ற ஒப்புதலை அனுப்பினால் முடிந்தது. இங்கே 'நாக்' பிழை அல்ல, முகவரி வந்து சேரும் வழியே அதுதான். இதைத் தெளிவாகச் சொன்னாலே கேட்பவருக்கு உங்கள்மேல் நம்பிக்கை வரும்.

சப்நெட் மாஸ்க் (முகவரியின் எந்தப் பகுதி வலையைக் குறிக்கிறது என்று சொல்லும் எண்) இந்தப் பேச்சில் வராது. இரண்டே முனைகள் உள்ள இணைப்பு என்பதால், ரவுட்டர் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் 32 பிட் வழித்தடத்தை எழுதிக்கொள்ளும். டிஎச்சிபி போலக் குத்தகைக் காலமும் இல்லை. இணைப்பு அறுந்தால் முகவரி, 'பூல்' எனப்படும் தொகுப்புக்குத் திரும்பிவிடும்.

அந்த முகவரி ரவுட்டருக்கு எங்கிருந்து வருகிறது? இன்டர்ஃபேஸில் நிலையாக எழுதியிருக்கலாம், ரவுட்டரிலேயே உள்ள பூலில் இருந்து எடுக்கலாம், அல்லது பயனர்களைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் சொல்லலாம். ரேடியஸில் இதற்கான பண்பு எண் 8. அதில் 255.255.255.254 என்று வந்தால் "நீயே ஒன்றைத் தேர்ந்தெடு" என்று ரவுட்டருக்குச் சொல்வதாகும். பூலின் அளவை வாடிக்கையாளர் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகள் வரமுடியும் என்பதே கணக்கு. இ1 பிரைமரி ரேட் என்ற டிஜிட்டல் தொலைபேசித் தடம் ஒன்றில் 30 அழைப்புகள். இரண்டு தடம் என்றால் 60 முகவரி.

சம்பளம் கொடுப்பது பழுது கண்டுபிடிக்கும் திறமைக்குத்தான், ஆகவே இதில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். விண்டோஸில் பிழை எண் 691 என்று வந்தால் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பாருங்கள். 720 என்றால் பெரும்பாலும் ஐபிசிபி கட்டத்தில் சிக்கல். கடவுச்சொல் ஏற்கப்பட்டும் முகவரி வராவிட்டால் பூல் காலியாகியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மறுமுனை செத்துப்போன பழைய இணைப்புகள் முகவரியைப் பிடித்துக்கொண்டிருப்பது அதற்கு ஒரு வழக்கமான காரணம். முகவரி கிடைத்தும் இணையம் ஓடவில்லையா? அந்தப் பூலுக்குத் திரும்பி வரும் வழித்தடம் மேலே உள்ள ரவுட்டரில் இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு ரவுட்டர்களில் ஒரே பூலை எழுதிவிட்டால், ஒரே முகவரி இருவருக்குப் போய், சிலருக்கு மட்டும் விட்டுவிட்டு வேலை செய்யும். பிடிக்கக் கடினமான பழுது இது. பிபிபிஓஇயில் 8 பைட் கூடுதல் தலைப்பு இருப்பதால் எம்டியு, அதாவது ஒரு பொதியின் அதிகபட்ச அளவு, 1492 பைட் ஆகும். அதைக் கவனிக்காவிட்டால் பிங் போகும், சில தளங்கள் மட்டும் திறக்காது.

பயிற்சிக்கு மோடம் வேண்டாம். ஒரே கணினியில் இரண்டு லினக்ஸ் மெய்நிகர் இயந்திரங்கள் போதும். ஒன்றில் பிபிபிஓஇ சர்வர், மற்றதில் கிளையன்ட். வலையில் போகும் பொதிகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் 0.0.0.0 கோரிக்கை, நாக், ஆக் மூன்றையும் பிடியுங்கள். பிறகு கிளையன்டில் நிலையான முகவரி ஒன்றை எழுதி, சர்வர் அதை மறுப்பதைப் பாருங்கள். கடைசியாக, மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் எல்சிபி எக்கோவைச் சர்வரில் 20 வினாடி இடைவெளி, 3 தோல்வி என்று வைத்துவிட்டு, கிளையன்டைத் திடீரென அணையுங்கள். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் கழித்துத்தான் சர்வர் அந்த இணைப்பை விடும். எக்கோவையே நிறுத்திவிட்டு மறுபடி செய்தால், செத்த இணைப்பு முகவரியைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்ணால் காணலாம்.

தன்விவரக் குறிப்பில் "நெட்வொர்க்கிங் தெரியும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். இந்த மூன்று சோதனைகளையும் ஒரு வரியில் எழுதி, லாக் கோப்புகளை நேர்காணலுக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.