இத்தாலிக்குக் குழுச் சுற்றுலா போகலாமா? அக்காவோடு போய் வந்த அனுபவம்

அம்மாவுக்கு 63 வயது. ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் எல்லாம் பேருந்தில் சுற்றிக் காட்டும் குழுவில் சேர்த்துவிடலாமா, இல்லை நாமே ரயிலில் கூட்டிப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் என் அக்காவோடு அப்படி ஒரு குழுவில் போனேன். அக்காவுக்கு அப்போது 61. இடது முழங்கால் அவ்வப்போது மக்கர் பண்ணும். ஒன்பது ராத்திரி, 32 பேர், ஒரு பேருந்து. மே மாதம். என்னைக் கேட்டால், அனுப்பலாம். ஆனால் எத்தனை ஊர் காட்டுகிறார்கள் என்று பார்க்காதீர்கள். ஒவ்வொரு ராத்திரியும் எங்கே தங்க வைக்கிறார்கள் என்று பாருங்கள். எங்களுக்கு நன்றாக அமைந்ததும் சொதப்பியதும் பெரும்பாலும் அதனால்தான்.

பேருந்து என்றதும் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள் என்று நம்பித்தான் அக்கா கிளம்பினாள். அங்கே அது நடக்காது. பழைய நகரங்களின் நடுப்பகுதிக்குள் வெளி வண்டிகள் நுழையக் கட்டுப்பாடு உண்டு, மீறினால் கேமராவே அபராதம் போட்டுவிடும். பேருந்து ஊர் ஓரமாக ஓரிடத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். அதற்கப்புறம் கால்தான். ரோமில் தெருவெல்லாம் சின்னச் சின்னக் கருங்கல் பதித்திருக்கிறார்கள், சம்பியெத்ரீனி என்று பெயர். பார்க்க அழகு, முழங்காலுக்கு எமன். அம்மாவுக்குப் புதுச் செருப்பு வாங்கித் தராதீர்கள், பழகின ஷூ போதும்.

ஆளுக்கு ஒரு குட்டி ரேடியோ கொடுத்து காதில் மாட்டச் சொல்வார்கள். வழிகாட்டி முன்னால் மெதுவாகப் பேசிக்கொண்டே நடப்பார், பின்னால் வருகிறவர்களுக்கும் கேட்கும். தூரம் கூடினால் குரல் கரகரக்கும், அப்புறம் நின்றே போகும். அக்காவுக்கு இது வசதியாகிவிட்டது. ஒரு கடை ஜன்னல் முன்னால் நிற்பாள். காதில் கரகரப்பு வந்ததும், "ஏண்டி, கரகரங்குது, வா வா" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவாள். முழங்கால் வலியெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போகுமோ!

ரோமில் மூன்று ராத்திரி. கொலோசியம், வத்திக்கான் இரண்டையும் பற்றி ஊரே எழுதிவிட்டது. குழுவோடு போனதில் ஒரு லாபம், நுழைவுச்சீட்டுக்கு நாம் அலைய வேண்டாம். வத்திக்கானுக்குள் இருக்கும் சிஸ்டைன் சேப்பலில் நின்றது இருபது நிமிடம்தான், அதிலும் பாதி நேரம் காவலர்கள் அமைதி, அமைதி என்று அதட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பிடித்தது பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில். கூரை நடுவில் கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர் அகலத்துக்கு வட்டமாகத் திறந்தே கிடக்கிறது. நாங்கள் போனபோது தூறல். மழை நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது, சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். "இவ்ளோ பெருசா கட்டிட்டு மூடி போட மறந்துட்டானுங்களா?" என்றாள் அக்கா. மறக்கவில்லை. தரை நடுவில் லேசாக மேடு தட்டியிருக்கிறது. தண்ணீர் வடிய பளிங்குத் தரையிலேயே சின்னச் சின்ன ஓட்டைகள். ரோமப் பேரரசர் ஹாட்ரியன் காலத்துக் கட்டடம், ஏறக்குறைய 1,900 வயது. 43 மீட்டர் அகலக் கூரைக்குள் ஒரு கம்பி கிடையாது. மேலே போகப் போகக் கனமில்லாத எரிமலைக் கல்லைச் சேர்த்துக் கலவையை லேசாக்கியிருக்கிறார்கள். கம்பியில்லாத கான்கிரீட் கூரைகளில் இன்று வரை இதுதான் உலகத்திலேயே பெரியது.

அங்கிருந்து வடக்கே போகும் வழியில் ஓர்வியெத்தோ. பாறை உச்சியில் ஊர். அடிவாரத்தில் பேருந்தை விட்டுவிட்டு இழுவை ரயிலில் ஏறினால் உச்சியிலேயே ஒரு கிணறு இருக்கிறது. 1527இல் படைகள் ரோமைச் சூறையாடியபோது ஏழாம் கிளெமெந்த் என்ற போப் தப்பி வந்தது இந்த ஊருக்குத்தான். முற்றுகை வந்தாலும் தண்ணீருக்குத் திண்டாடக் கூடாது என்று வெட்டச் சொன்ன கிணறு. ஆழம் 50 மீட்டருக்கு மேல், 248 படி. அக்கா மேலே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள், நான் இறங்கினேன். இறங்க ஒரு சுருள் படிக்கட்டு, ஏற இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே போனாலும் கடைசி வரை சந்திக்காது. தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் நடுவழியில் முட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு. நடுக்குழியைச் சுற்றி ஜன்னல்கள். எதிர் ஜன்னலில் எங்கள் குழுவிலிருந்த ஒரு பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவது தெரிந்தது, கையசைத்தேன். ஆனால் அவரிருந்த படிக்கு நான் போக வேண்டுமென்றால் அடிவரை இறங்கித்தான் ஆக வேண்டும். ரயிலில் போயிருந்தால் இந்த ஊரில் நாங்கள் இறங்கியிருக்கவே மாட்டோம்.

அப்புறம் வால் தோர்ச்சா என்ற தஸ்கனிப் பள்ளத்தாக்கில் ஒரு பண்ணை வீட்டில் இரண்டு ராத்திரி. அக்ரிதுரிஸ்மோ என்பார்கள், விவசாயம் நடக்கும் பண்ணையிலேயே விருந்தினர் தங்க அறை. பச்சைக் கோதுமை, வெள்ளை மண் சாலை, வரிசையாக சைப்ரஸ் மரங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எங்களுக்கு எந்த வேலையும் இல்லை. பயணத்தில் அக்கா நிஜமாகவே ஓய்வெடுத்தது அங்கேதான். பக்கத்தில் பியென்சா. தான் பிறந்த கிராமத்தை இரண்டாம் பியூஸ் போப் 1459 முதல் இடித்துக் கட்டி, தன் பெயரையே வைத்துவிட்ட ஊர். ஊர் முழுக்க ஆட்டுப்பால் சீஸ் வாசனை. அக்கா சுத்த சைவம். ஐந்து நாளாக பாஸ்தா மேல் சீஸைத் தாராளமாகத் தூவிச் சாப்பிட்டவளுக்கு, பார்மஜானோ சீஸை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள் என்று இங்கேதான் யாரோ சொல்லித் தொலைத்தார்கள். அன்று ராத்திரி அவள் யாரோடும் பேசவில்லை. உங்கள் அம்மாவும் சைவம் என்றால் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

சொதப்பல் ஃப்ளாரன்ஸில். பயணத் திட்டத்தில் 'டேவிட் சிலை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நாங்கள் போனது திங்கள்கிழமை. மைக்கேலாஞ்சலோ செதுக்கிய சிலை 1873 முதல் அக்காதெமியா அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது, அதற்குத் திங்கள் விடுமுறை. எங்களுக்குக் காட்டியது சதுக்கத்தில் நிற்கும் நகலை. நிறுவனத்திடம் கேட்டதற்கு, "டேவிட் சிலைதானே போட்டிருந்தோம்" என்றார்கள். சண்டை போட்டும் பலனில்லை. எந்த ஊரில் என்ன கிழமை என்று காலண்டரை வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 'வெளியிலிருந்து பார்வை' என்று எழுதியிருந்தால் உள்ளே போக மாட்டார்கள் என்று அர்த்தம். பீசாவில் ஒரு மணி நேரம், சாய்ந்த கோபுரத்தைத் தாங்குகிற மாதிரி எல்லோரும் படம் எடுத்தோம், அவ்வளவுதான்.

வெனிஸுக்கு என்று சொல்லித் தங்க வைத்தது மெஸ்த்ரே என்ற நிலப்பகுதி ஊரில். காலை பத்து மணிக்குப் படகில் கொண்டுபோய் விட்டு, ஐந்து மணிக்குத் திருப்பி அழைத்து வந்தார்கள். அதாவது கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம் மட்டும். இரண்டாம் நாள் நாங்கள் குழுத்தலைவரிடம் சொல்லிவிட்டுப் பின்தங்கினோம். ஏழு மணிக்கு மேல் சந்துகள் காலி. ஒரு பாலத்தில் உட்கார்ந்து பார்த்தோம், எதிர்வீட்டுப் பாட்டி துணியைக் கயிற்றிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார், கீழே ஒரு படகில் காய்கறிப் பெட்டிகள் போயின. அக்கா காதிலிருந்த ரேடியோவைக் கழற்றிப் பையில் போட்டாள். ராத்திரி சாந்த லூச்சியா நிலையத்தில் ரயில் ஏறினோம், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மெஸ்த்ரே வந்துவிட்டது.

கடைசி நாள் மிலான் போகும் நெடுஞ்சாலையில் வலது பக்கம் கார்டா ஏரி. இடது பக்கம் கொஞ்ச தூரத்தில் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே, நம் வீரமாமுனிவர் 1680இல் பிறந்த ஊர். பேருந்து நிற்கவில்லை. வழிகாட்டிக்கு அவர் பெயரே தெரியாது, அக்கா அரை மணி நேரம் அவருக்கு வகுப்பெடுத்தாள்.

ரயிலில் நீங்களே கூட்டிப் போனால் ஃப்ளாரன்ஸும் வெனிஸும் இன்னும் நிதானமாகக் கிடைக்கும், ஓர்வியெத்தோவுக்கும் ரயில் உண்டு. ஆனால் வால் தோர்ச்சா மாதிரி இடங்களுக்கு வண்டி இல்லாமல் சிரமம். நீங்கள் கூடப் போக முடியாதென்றால் குழுவே நல்லது. பெட்டி தூக்குவதும் டிக்கெட்டும் அவர்கள் கவலை. ஹோட்டலில் ராத்திரிக்கு இவ்வளவு என்று நகராட்சி வரி தனியாகக் கேட்பார்கள், கையில் கொஞ்சம் யூரோ கொடுத்தனுப்புங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு ஹோட்டலின் முகவரியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'வெனிஸ் பகுதி' என்று பதில் வந்தால் அது பெரும்பாலும் மெஸ்த்ரே. ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் இருந்தால் அம்மா சமாளித்துக்கொள்வார். இல்லையென்றால் வேறு குழுவைத் தேடுங்கள்.