வறண்டு கிடந்தாலும் அது நீரோடைதான்

கேள்வி: மண்டபம் பக்கம் கடற்கரைக் கிராமம் எங்களுடையது. நான் கடல்பாசி எடுக்கப் போகிறவள். ஊர்ச் சாக்கடை முழுவதும் ஓர் ஓடையில் விழுந்து கடலுக்குப் போகிறது. போதாததற்கு ராத்திரியில் செப்டிக் டேங்க் லாரிகளும் அதிலேயே கொட்டுகின்றன. பாசி எடுக்க இறங்கினால் கால் அரிக்கிறது. ஓடையோரம் மணலில் தோண்டிய ஊற்றில்தான் குடிக்க அள்ளுவோம். இப்போது அதுவும் நாறுகிறது. ஊராட்சியில் கேட்டால், "மழைக்கு மட்டும் ஓடுகிற ஓடைக்கு எந்தச் சட்டமும் இல்லை, சுத்திகரிக்கப் பணமும் இல்லை" என்கிறார்கள். வழக்குப் போட முடியுமா? நிறையச் செலவாகுமா?

பதில்: முதலில் அந்த ஊற்றுத் தண்ணீரைக் குடிப்பதை இன்றே நிறுத்துங்கள், சகோதரி. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கழிவிலிருந்து ஊறி வரும் நைட்ரேட் என்ற உப்பு போகாது. மாற்றுக் குடிநீர் கேட்டு ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.

உங்களுக்குச் சொன்ன இரண்டு பதிலுமே தவறு. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 'நீரோடை' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, ஓடிக்கொண்டிருந்தாலும் தற்போதைக்கு வறண்டிருந்தாலும் அது நீர்வழிதான் என்கிறது. நிலத்தடி நீரும் அதற்குள் அடக்கம். ராமநாதபுரம் மாதிரி வறண்ட சீமைக்கென்றே எழுதியது போலிருக்கும் அந்த வரி! 24ஆம் பிரிவின்படி, தெரிந்தே ஓடையிலோ கிணற்றிலோ கழிவைச் சேர்ப்பது மட்டுமல்ல, சேர விடுவதும் தவறு. அதனால் லாரி உரிமையாளரோடு, தடுக்கும் பொறுப்பிருந்தும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவர்களும் பதில் சொல்ல வேண்டும்.

பணம் இல்லை என்பதற்கு 1980இலேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சி வழக்கில், சாக்கடையைச் சீர்செய்ய நிதி இல்லை என்ற வாதத்தை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஏற்கவில்லை. அந்த உத்தரவு பிறந்தது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பொதுத் தொல்லைப் பிரிவில். இன்று அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. அதன்கீழ் கோட்டாட்சியரிடம் நேரடியாக மனுக் கொடுக்கலாம்.

சரி, ஆதாரம்? நீங்கள் பாட்டிலில் பிடித்த தண்ணீரை எதிர்த்தரப்பு எளிதாகத் தள்ளிவிடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் முறைப்படி எடுத்து, முத்திரை வைத்த மாதிரிக்குத்தான் பலம். அதைக் கேட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். லாரியின் எண், தேதி, நேரம், படம் ஆகியவற்றை நீங்கள் சேருங்கள். ஆனால் லாரியை மறிக்க வேண்டாம். ஓட்டிவருகிற பையன் கூலிக்காரன். அவனோடு கைகலப்பு ஆனால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

அப்புறமும் அசையவில்லை என்றால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம்; அது சென்னையில் இருக்கிறது. கொட்டுவதை நிறுத்தக் கேட்க, பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். இழப்பீட்டுக்கும் ஓடையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் ஐந்து வருடம். லாரி முதலில் வந்த தேதியை ஊரில் விசாரித்து இப்போதே குறித்து வையுங்கள். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பெண் என்பதாலேயே, வருமானம் எதுவானாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் உங்களுக்கு உரிமை.

மனுவில் 'நிறுத்துங்கள்' என்பதோடு விடாதீர்கள். சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் திட்டமும் கேளுங்கள். "வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி போடுகிறோம்" என்று வந்தால் உடனே தலையாட்ட வேண்டாம். உங்கள் கடற்கரையில் நாலு முழம் தோண்டினால் தண்ணீர். மணலில் இறங்கும் கழிவு நேரே உங்கள் ஊற்றுக்குத்தான் வரும். அடியில் கசியாத தளம் போட்டு, கோரையும் நாணலும் வளர்த்து வடிகட்டும் படுகை சிறிய ஊருக்கு ஏற்றது. அதைத் தீர்மானமாக எழுதிக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போங்கள். உங்களோடு பாசி எடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடட்டும்.