இழுக்க இழுக்க இறுகும் பிடி – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நுண்ணுயிரிகள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இந்த ஒரு வருடத்தில் எனக்கு நான்கு முறை சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது. சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் ஒவ்வொரு தடவையும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. தண்ணீர் நிறையக் குடிக்கிறேன், மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதே இல்லை. "சுத்தமா இருந்தா ஏன் வருது?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எரிச்சலைவிட அந்தக் கேள்விதான் அதிகம் வலிக்கிறது. தினமும் இத்தனை முறை சிறுநீர் அடித்துக்கொண்டு போகிற இடத்தில் ஒரு கிருமி எப்படித் தங்குகிறது? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்கு இந்தப் பதிலை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். ஈ.கோலை நம் எல்லோர் குடலிலும் குடியிருப்பது. 1885இல் தியோடர் எஷரிக் அதை முதலில் விவரித்தபோது, அவர் எடுத்தது குழந்தைகளின் மலத்திலிருந்து. பெண்களுக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு 20 வரை இருக்கும். எவ்வளவு கழுவினாலும் அந்த 4 சென்டிமீட்டர் நீளப்போவதில்லை. உங்கள்மேல் குற்றமில்லை.

ஆனால் குடலில் இருக்கும் எல்லா ஈ.கோலையாலும் சிறுநீர்ப்பையில் பிழைக்க முடியாது. பிழைப்பவை சில கூடுதல் ஆயுதங்களோடு வருகின்றன. நீங்கள் கேட்டதற்கான விடை அதில் முதலாவதில் இருக்கிறது.

அந்தக் கிருமியின் உடம்பெங்கும் நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஃபிம்எச் என்ற ஒரு புரதம். சிறுநீர்ப்பையின் உட்சுவர்ச் செல்களில் மன்னோஸ் என்ற சர்க்கரை ஒட்டியிருக்கிறது. ஃபிம்எச் அதைப் பற்றிக்கொள்கிறது. சாதாரணமாக இழுத்தால் பிடி விடவேண்டும். இது சுருக்குக் கயிறு மாதிரி, சிறுநீரின் ஓட்டம் இழுக்க இழுக்க இறுகுகிறது. ஓட்டம் நின்றதும் பிடி தளர்ந்து, கிருமி கொஞ்சம் நகர்ந்து வேறிடம் தேடும். இழையும் சுருள் கம்பிபோலச் சுற்றப்பட்டது. வேகம் கூடினால் சுருள் பிரிந்து பல மடங்கு நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். உடும்புப்பிடி என்போமே, அதேதான். நான் இதைப் படித்த அன்று வேறு எதையும் படிக்க முடியவில்லை.

அப்படியானால் தண்ணீர் வீணா? இல்லை. ஒட்டாதவற்றையும் பிடி தளர்ந்தவற்றையும் அது வெளியேற்றுகிறது. அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு வருடத்தில் சராசரியாக 1.7 முறையும், மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. குடிப்பதை விட்டுவிடாதீர்கள்.

ஒட்டிய பிறகு அது சும்மா இருப்பதில்லை, செல்லுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. உள்ளே பல்கிப் பெருகி, ஒரே செல்லில் ஆயிரக்கணக்கில் கொத்தாக அடைந்துகொள்ளும். எலிகளின் சிறுநீர்ப்பையில் இதை 2003இல் காட்டினார்கள். 2007இல் தொற்றுள்ள பெண்களின் சிறுநீரில் உதிர்ந்த செல்களிலும் பார்த்தார்கள். மாத்திரையும் வெள்ளணுக்களும் அந்த அறைக்குள் எளிதில் எட்டுவதில்லை. குடலில் அதே கிருமி எப்போதும் கையிருப்பாக இருப்பதையும் சேர்த்துக்கொண்டால், நான்கு முறை ஏன் வந்தது என்பது உங்களுக்கே விளங்கும்.

இரும்புக்கான சண்டை இன்னொன்று. இரும்பில்லாமல் கிருமியால் பெருக முடியாது. நம் உடலோ அதை ஒளித்து வைக்கிறது. கிருமி என்டெரோபாக்டின் என்ற பொருளைத் தூண்டில்போல வெளியே விட்டு இரும்பைக் கவ்வ வைக்கிறது. நம் உடல் லிப்போகாலின் என்ற புரதத்தால் அந்தத் தூண்டிலையே பறிக்கிறது. உடனே கிருமி தூண்டிலில் சர்க்கரையை ஒட்டி, நம் புரதத்துக்கு அடையாளம் தெரியாதபடி ஆக்கிவிடுகிறது. இந்தச் சண்டை உங்களுக்குள்ளே, உங்களுக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருக்கிறது.

நச்சுப்பொருள்கள், மேலுறை என்று இன்னும் உண்டு, அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். அடுத்த கல்ச்சரில் புரோட்டியஸ் என்ற வேறொரு பாக்டீரியா வந்தால் கதை வேறு. ஆய்வகத் தட்டில் ஒரு புள்ளியாக வைத்தால், மறுநாள் குளத்தில் கல்லெறிந்ததுபோல வளையம் வளையமாகத் தட்டு முழுக்கப் படர்ந்திருக்கும். அது யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது, சிறுநீர் அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை அடைகிறது, சிறுநீர்ப் பாதையில் கல் உருவாகிறது. திரும்பத் திரும்ப புரோட்டியஸ் வந்தால் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்ப்பார்கள்.

பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டுகள் நான்கையும் ஒரே கோப்பில் வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த மருந்துக்கு எப்போது கேட்டது, எப்போது கேட்கவில்லை என்பது அவருக்கு மிக முக்கியம். சில ஈ.கோலைகளுக்குச் சிறுநீரகச் செல்களைப் பற்றுவதற்கென்றே தனி இழைகள் உண்டு. அவை மேலே ஏறினால் குளிர்காய்ச்சலும் விலாப்பக்கம் முதுகில் வலியும் வாந்தியும் வரும். அப்படி வந்தால் தண்ணீர் குடித்துப் பார்க்கலாம் என்று வீட்டில் இருக்காதீர்கள், அன்றைக்கே போய்விடுங்கள்.

அன்புடன்