கை நுழையாத மினி டிராக்டர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளை எல்லாம் சேர்த்துப் படித்தபோது எனக்கே கொஞ்சம் கோபம் வந்தது. வண்டி கெட்டுப்போனதைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. கெடாமல் பார்த்துக்கொள்ள நினைக்கிறேன், வண்டி விடமாட்டேன் என்கிறதே என்று கேட்டவர்கள்தான் அதிகம். ஒழுங்காகப் பராமரிக்க நினைக்கும் ஆளை அந்த வேலையிலிருந்தே துரத்துகிற வடிவமைப்பு மோசமான வடிவமைப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கை எட்டாத நிப்பிளுக்குத்தான் (கிரீஸ் ஏற்றும் சின்ன முனை) கிரீஸ் போகாது, பிறகு அந்த இடத்து புஷ்தான் (தேய்மானத்தைத் தாங்கும் உள்வளையம்) முதலில் தேயும். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

ஆயில் ஃபில்டர் முன் ஆக்சிலுக்கு நேர் மேலே படுத்த வாக்கில் இருக்கிறது, பக்கத்தில் லோடர் (முன்னால் மண் அள்ளும் வாளி) மாட்டும் பிராக்கெட். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஆயில் ஆக்சில் மேல் கொட்டி, என் முழங்கை வரை வழிகிறது. வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டி, ஆயில் வெதுவெதுப்பாக ஆனதும் நிறுத்திவிட்டு டிரெயின் போல்ட்டைத் திறங்கள். முழுவதும் வடியட்டும், அவசரப்படாதீர்கள், ஒரு கால் மணி நேரம் விடுங்கள். அதன் பிறகு ஃபில்டரைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். இப்போது கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்றை ஃபில்டருக்கு மாட்டி, பையின் வாயை எஞ்சின் பக்கம் நன்றாக ஏற்றிப் பிடித்துக்கொண்டு, பைக்கு மேலாகவே கையால் சுற்றிக் கழற்றுங்கள். ஃபில்டரும் அதில் மிச்சமிருக்கும் ஆயிலும் பைக்குள்ளேயே விழும். டிரெயின் போல்ட்டும் ஆக்சிலுக்கு மேலேதான் இருக்கிறது என்றால், ஒரு பழைய ஆயில் கேனை நீளவாக்கில் வெட்டி வாய்க்கால் மாதிரி சாய்த்து வைத்தால் ஆயில் அதன் வழியே வெளியே வந்துவிடும்.

பக்கவாட்டில் இடமில்லாத வண்டிக்குப் பட்டை வைத்த ஃபில்டர் ஸ்பேனர் உதவாது. ஃபில்டரின் முகத்தில் தொப்பி மாதிரி உட்காரும் வகையை வாங்கி, ராட்செட்டும் நீளமான எக்ஸ்டென்ஷனும் போட்டு முன்பக்கமிருந்து திருப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. கழற்றியதும் பழைய ரப்பர் வாஷர் ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடமாக இருந்தால் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒருமுறை நான் அப்படிப் பார்க்காமல், பழைய வாஷர் எஞ்சினிலேயே ஒட்டியிருக்க, அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டிவிட்டேன். ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் புது ஆயில் பாதி தரையில் இருந்தது. புது வாஷரில் ஆயில் தடவி, கையால் இறுக்கி, அது உட்கார்ந்ததும் இன்னும் முக்கால் சுற்று. பெரும்பாலான ஃபில்டர்களில் எவ்வளவு என்று மேலேயே அச்சிட்டிருக்கும். ஸ்பேனர் போட்டு இறுக்காதீர்கள், அடுத்த முறை அதைக் கழற்றப் போவதும் நீங்கள்தான். கடைசியாக ஆக்சில் மேல் சிந்தியதைத் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் அதில் மண் ஒட்டிக்கொண்டு, பிற்பாடு உண்மையான லீக் வந்தால்கூடத் தெரியாது.

இதையெல்லாம் வடிவமைப்பவர்கள் ஒருநாளாவது சொந்தக் கையால் சர்வீஸ் செய்து பார்த்திருப்பார்களா? ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் காரணங்களைத் தெரிந்துகொண்டால் எதற்குக் கோபப்படலாம், எதற்குக் கூடாது என்று பிரிக்க முடியும். வண்டியின் அகலம் குறைவு. அதற்குள் எஞ்சின், ரேடியேட்டர், பேட்டரி, ஏர் ஃபில்டர், சில மாடல்களில் டீசல் டேங்க்கூட ஒரே பானெட்டுக்குள் அடங்க வேண்டும். ஒரே சேசிஸில் மூன்று நான்கு குதிரைத் திறன்களில் மாடல் விடுவார்கள், சின்ன எஞ்சினுக்குத் தாராளமாக இருந்த இடம் பெரிய எஞ்சினுக்கு நெருக்கடியாகிவிடும். தொழிற்சாலையில் வண்டி உள்ளிருந்து வெளியே கட்டப்படுகிறது. ஃபில்டரை மாட்டும் நேரத்தில் அதன் முன்னால் எதுவுமே கிடையாது, லோடர் பிராக்கெட் எல்லாம் கடைசியில்தான் வருகிறது.

இன்னொன்று புகைக் கட்டுப்பாட்டு விதிகள். அமெரிக்காவின் டியர் 4 விதியில் 19 கிலோவாட், அதாவது சுமார் 25 குதிரைத் திறன், ஒரு பெரிய எல்லைக்கோடு. அதற்கு மேல் 56 கிலோவாட் வரை உள்ள டீசல் எஞ்சின் ஒரு கிலோவாட் மணிக்கு 0.03 கிராமுக்கு மேல் கரித்துகள் விடக்கூடாது. அந்தக் கோட்டுக்குக் கீழே விதி மிகவும் தளர்வு. 25-க்கு ஒரு மயிரிழை கீழே நிற்கும் மாடல்கள் இவ்வளவு இருப்பதற்கு இதுதான் காரணம். கோட்டைத் தாண்டிய மாடல்களில் பெரும்பாலும் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி, அதற்கான சென்சார்கள், குழாய்கள் எல்லாம் அதே பானெட்டுக்குள் ஏறியிருக்கும்.

இவை புரிந்துகொள்ளக்கூடிய நெருக்கடிகள். ஆனால் ஒரு கிரீஸ் நிப்பிளைக் கால் சுற்று வெளிப்பக்கம் திருப்பி வைக்க எந்த விதியும் தடையில்லை, செலவும் இல்லை. அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்படி ஒன்றைப் பார்த்தால் போட்டோ எடுத்து, மாடலும் ஓடிய மணி நேரமும் குறிப்பிட்டு, வாங்கிய இடத்தில் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொல்வது கவுண்டரைத் தாண்டிப் போகாது.

கிரீஸ் கன்னின் முனை நிப்பிளில் உட்காரவே மாட்டேன் என்கிறது. பாதி கிரீஸ் வெளியேதான் வழிகிறது. பி.டி.ஓ. ஷாஃப்ட்டிலும் (எஞ்சின் சக்தியை இணைத்த கருவிக்குக் கொண்டுபோகும் சுழல் தண்டு) முன் ஆக்சில் நடுவிலும் ரொம்ப மோசம்.

முதலில் கன்னில் இருக்கும் இரும்புக் குழாயைக் கழற்றிவிட்டு வளையும் ஹோஸ் போடுங்கள். முனைக்குப் பூட்டிக்கொள்ளும் வகை கப்ளர் கிடைக்கிறது, ஒரு கை மட்டும் நுழையும் இடத்தில் அது இல்லாமல் வேலை நடக்காது. நிப்பிள் சுவரைப் பார்த்து நிற்கிறது என்றால் அதைக் கழற்றி 45 அல்லது 90 டிகிரி வளைந்த நிப்பிள் போடலாம். மரை அளவைப் பார்த்து வாங்குங்கள், எம்6, எம்8, கால் அங்குலம் என்று பல உண்டு, தவறான மரையை முறுக்கி ஏற்றினால் துளையே போய்விடும். இன்னும் மோசமான இடமாக இருந்தால் நிப்பிள் துளையிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் இழுத்து, எட்டும் இடத்தில் நிப்பிளை வைத்துவிடுங்கள். அந்த ஹோஸை முதலில் கிரீஸால் நிரப்பிவிட்டு மாட்ட வேண்டும்.

பி.டி.ஓ. ஷாஃப்ட்டில் எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிறகு கவசத்தின் துளைக்கு நேராக நிப்பிள் வரும்வரை கையால் சுற்றுங்கள். கவசம் இடைஞ்சல் என்று அதைக் கழற்றி எறிந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. சட்டையோ துண்டோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே கிடையாது.

முன் ஆக்சிலைத் தாங்கும் நடுத் தண்டுக்கு (பின்) ஒரு விஷயம் உண்டு. வண்டியின் எடை பின்னின் மேல் உட்கார்ந்திருக்கும்போது, தேயும் பக்கத்துக்குக் கிரீஸ் போகவே போகாது. பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்க ஃபிரேமுக்கு ஜாக்கி வைத்து எடையை எடுத்து, ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு அடியுங்கள்.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று. ஒவ்வொரு நிப்பிளைச் சுற்றியும் மஞ்சள் பெயின்டால் ஒரு வட்டம் போடுங்கள், மொத்த எண்ணிக்கையைப் பானெட்டின் உள்பக்கம் எழுதி வையுங்கள். 17 என்று எழுதியிருக்கிறது, நீங்கள் அடித்தது 16 என்றால் விட்டுப்போன அந்த ஒன்று எங்கேயோ ஒளிந்திருக்கிறது, தேடுங்கள்.

புல் வெட்டும்போது ஒரு மணி நேரத்தில் சூடு முள் ஏறிவிடுகிறது. முன்னால் இருக்கும் வலையைத் தினமும் தட்டிச் சுத்தம் செய்கிறேன்.

வலை சுத்தமாக இருந்தும் சூடாகிறது என்றால் வலைக்குப் பின்னால் பாருங்கள். வலைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், ஆயில் கூலர் இருந்தால் அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், தூசும் புல்லும் கம்பளி மாதிரி படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபேன் பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் வெளிச்சம் எங்கே வரவில்லை என்று பாருங்கள். ஃபேன் காற்றை முன்னாலிருந்து உள்ளே இழுக்கிறது, அதனால் நீங்கள் ஃபேன் பக்கமிருந்து முன்னோக்கி ஊத வேண்டும். முன்னாலிருந்து ஊதினால் இன்னும் உள்ளேதான் அடைப்பீர்கள். காற்றழுத்தம் குறைவாக, தகடுகளுக்கு நேராக. பிரஷர் வாஷர் வேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கி நிரந்தரமாக அடைபடும்.

பல மாடல்களில் பேட்டரி ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது, அதை எடுக்காமல் கை போகாது. நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்துத் திருப்பும்போது அது பாடியில் பட்டாலும், நெகட்டிவ் கழன்றிருந்தால் ஷார்ட் ஆகாது. ரேடியேட்டரைச் சுற்றி இருக்கும் ஃபோம் பட்டை கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அது இல்லாவிட்டால் எஞ்சினைத் தாண்டிய சூடான காற்றே சுற்றித் திரும்பி உள்ளே வரும்.

டீசல் ஃபில்டர் மாற்றினேன், டீசல் குழாயில் காற்று அடைத்து ஏர் லாக் ஆகிவிட்டது. ஏர் எடுக்கும் திருகு பம்ப்புக்குப் பின்னால் இருக்கிறது, கண்ணுக்கே தெரியவில்லை.

முதலில் உங்கள் வண்டியில் மின்சார டீசல் பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பல மாடல்களில் அந்தத் திருகைத் தொடவே வேண்டாம், சாவியை ஆன் நிலையில் ஒரு நிமிடம் வைத்தால் அதுவே காற்றைத் தள்ளிவிடும். இல்லையென்றால் டேங்கை நிரப்பிவிட்டு, சின்ன கண்ணாடியோ போன் கேமராவோ வைத்து இடத்தைப் பார்த்துக்கொண்டு, திருகை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விடுங்கள். செல்ஃபைப் பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், நடுவில் அரை நிமிடமாவது ஆறவிடுங்கள். அப்படியும் காற்று வந்துகொண்டே இருந்தால் ஃபில்டர் கிண்ணத்தின் ஓ ரிங் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் பழைய முறையைக் காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) முயற்சிக்கவே கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும், அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

வெயிலில் நின்ற லோடரின் ஹைட்ராலிக் கப்ளர் திரும்ப மாட்டவே முடியவில்லை.

ஹோஸுக்குள் அடைபட்ட ஆயில் சூட்டில் விரிந்து அழுத்தம் ஏறியிருக்கும். நிழல் போட்டு ஆறவிடுங்கள், சில சமயம் அதுவே போதும். வண்டிப் பக்கத்து அழுத்தத்துக்கு எஞ்சினை நிறுத்திவிட்டு லீவரை எல்லாத் திசையிலும் ஆட்டுங்கள். இனிமேல் கழற்றும்போதே லோடரைத் தரையில் இறக்கி, இதே மாதிரி லீவரை ஆட்டி அழுத்தத்தை விட்ட பிறகுதான் கப்ளரைத் தொட வேண்டும். ஹோஸில் லீக் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே வேண்டாம், ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள். ஊசித்துளை வழியாக ஆயில் கையில் ஏறினால் முதலில் சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் அதிகம் இருக்காது. அப்படியே இருந்துவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். உடனே மருத்துவமனை, மறுநாள் அல்ல.

சீட் சுவிட்ச் அடிக்கடி தகராறு, எஞ்சின் திடீரென்று நிற்கிறது. சுவிட்சை எடுத்துவிட்டு ஒயரை நேரடியாக இணைத்துவிடலாமா?

கூடாது. நீங்கள் சீட்டிலிருந்து விழுந்தால் வண்டியை நிறுத்துவது அந்த சுவிட்ச்தான். பெரும்பாலும் சுவிட்ச் கெட்டிருக்காது, சீட்டுக்கு அடியில் கனெக்டரில் பச்சை பிடித்திருக்கும், அல்லது ஒயர் சீட்டின் கீலில் நசுங்கியிருக்கும். சீட்டைத் தூக்கி அதை முதலில் பாருங்கள். கீழே நின்றபடி செல்ஃப் மோட்டாரில் ஸ்குரூடிரைவர் வைத்து ஸ்டார்ட் செய்வதும் இதே வகைதான். கியரில் இருந்த வண்டி கிளம்பி, ஸ்டார்ட் செய்தவர் மேலேயே ஏறுகிறது.

கிளட்ச் பிளேட் மாற்ற வண்டியையே இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை, உண்மைதான். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ந்ததே இந்த வண்டிகளின் முதுகெலும்பு, நடுவில்தான் கிளட்ச். பிளேட்டின் விலையைவிடக் கூலி அதிகம் ஆவது அதனால்தான். பெடலின் ஃப்ரீ பிளேயை (கிளட்ச் விடுபடத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) மேனுவல் சொல்லும் அளவில் வைத்திருங்கள், பெடல் மேல் காலை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். பிரித்தால் அதே சமயத்தில் ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்து ஒரு மினி டிராக்டர் வாங்கப் போகிறேன். ஷோரூமில் எதைப் பார்க்க வேண்டும்?

குதிரைத் திறனைப் பிறகு கேளுங்கள். முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள், பக்கத் தகடுகள் ஸ்பேனர் இல்லாமல் கழல்கின்றனவா என்று பாருங்கள். மேனுவலை வாங்கி, 50 மணி நேர முதல் சர்வீஸுக்கு என்னென்ன தொட வேண்டும் என்ற பக்கத்தை எடுத்து, ஒவ்வொன்றையும் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள்: டிரெயின் போல்ட், இரண்டு ஃபில்டர்கள், டிப் ஸ்டிக், ஃபேன் பெல்ட், ஃபியூஸ் பெட்டி. டீசல் ஊற்றும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சிந்தினால் சூடான எஞ்சின் மேல் விழுமா என்றும் பாருங்கள், முழு கேனைத் தூக்கி ஊற்றப்போவது நீங்கள்தான். விற்பவர் அவசரப்படுத்துவார், நீங்கள் அவசரப்பட வேண்டாம். லோடர் போடப்போகிறீர்கள் என்றால் லோடர் மாட்டிய வண்டியிலேயே இதையெல்லாம் செய்யுங்கள். அங்கே நிறுத்தி வைத்திருக்கும் வெறும் வண்டியில் எல்லா இடத்துக்கும் கை தாராளமாகப் போகும்.